பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: உங்கள் பள்ளிக்கூடம் உங்களுடையது மட்டுமா?

யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிற அண்ணாமார், அக்காமார், ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம். தாய்ச் சங்கமோ கொழும்புக் கிளையோ, ரொறன்ரோவோ லண்டனோ சிட்னியோ, எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று பெயர் போடவில்லை. போட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் கோபிப்பார்கள், மற்றவர்கள் எல்லாரும் "நல்லாச் சொன்னீங்கள் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தங்களுக்கே எழுதியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரச பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். முதல் நியமனம் தீவகத்தில், அதாவது யாழ்ப்பாணத்துத் தீவுகளில், கஷ்டப் பிரதேச சேவை, வசதி குறைந்த இடத்தில் கட்டாயமாகச் செய்ய வேண்டியது. இப்போது வலிகாமத்தில். என் மகள் படிப்பது நகரத்தில் ஒரு மிசன் பள்ளிக்கூடத்தில், அதாவது சட்டப்படி தனியார் பாடசாலை. அண்ணாவின் மகன் ஒரு தேசிய பாடசாலையில், அதாவது மத்திய கல்வி அமைச்சு நேரடியாக நடத்துகிற அரச பாடசாலையில். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் சர்வதேசப் பாடசாலையில். அதனால் அரசா தனியாரா எது நல்லது என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் நடக்கும், தீபாவளிக்கும் நடக்கும், ஒருமுறை செத்த வீட்டிலும் நடந்தது. அதில் எப்போதும் விடுபட்டுப் போகிறவர்கள் நான் படிப்பிக்கிற பிள்ளைகள். அவர்களைப் பற்றி எழுதினாலும் மடல் உங்களுக்குத்தான், ஏனென்றால் இந்த விஷயத்தில் கல்வி அமைச்சை விட உங்கள் கையில் அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். கொழும்பில் இருப்பவர்கள் அரசு, தனியார் என்று கதைக்கிறபோது மனதில் வைத்திருப்பது வேறு. யாழ்ப்பாணத்தில் அந்தக் கோடு இரண்டு தலைமுறைக்கு முன் கிட்டத்தட்ட தற்செயலாக விழுந்தது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் இங்கே பள்ளிக்கூடங்களில் பெரும்பகுதி மிசனாரிடமோ சைவ வித்தியா விருத்திச் சங்கத்திடமோ ஊர்ப் பெரியவர்களிடமோதான் இருந்தது. 1960, 1961 சட்டங்களோடு, உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, பெரிய பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் விரும்பினால் தனித்து நிற்கலாம், ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஒரு வழி விடப்பட்டது. மெதடிஸ்த மிசனாரின் மத்திய கல்லூரியும் வேம்படியும் ஹாட்லியும் அரசிடம் போயின. பரியோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர், பத்திரிசியார், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் ஆகியவை தனியாராகவே நின்றன. சைவர்கள் கட்டிய யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் மானிப்பாய் இந்துவும் அரசாயின. தனித்து நின்றவர்கள் சில காலம் மிகவும் கஷ்டப்பட்டார்கள், பிறகு அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் அரசே சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்கு இரு பக்கத்திலும் அதே பாடத்திட்டம், அதே இலவசப் பாடநூல், அதே சாதாரண தர (ஓ.எல்.), உயர்தர (ஏ.எல்.) சோதனை.

அதனால்தான் மார்ச் மாதத்தில் மத்திய கல்லூரி மைதானத்தில் அந்தக் கல்லூரிக்கும் பரியோவானுக்கும் இடையில் வடக்கின் பெரும் போர் என்கிற கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறபோது யாரும் ஒரு அரச பாடசாலை ஒரு தனியார் பாடசாலையோடு மோதுகிறது என்று நினைப்பதில்லை. 1904இல் தொடங்கிய ஆட்டம் அது. கொடியும் பாண்டும், லொறியில் ஏறி நின்று கத்துகிற பெடியளும், வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வந்து தொப்பியோடு கூடாரத்துக்குள் இருக்கும் அங்கிள்மாரும் இரு பக்கத்திலும் ஒரே அச்சு. உங்கள் பள்ளிக்கூடங்கள் ஒன்றுக்கொன்று எதிரி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், வெளியே நின்று பார்க்கிற எனக்கு எல்லாம் ஒரே குடும்பத்துச் சண்டை மாதிரித்தான் தெரிகிறது.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, சில இடங்களில் நன்றாகவே இருக்கிறது. மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசிரியை தாய்க்கும் மகளுக்கும் படிப்பித்திருக்கிறார். எங்களுக்கு இடமாற்றம் இருப்பதுபோல் அவர்களுக்கு இல்லை, நிர்வாக சபை பார்த்து எடுத்த ஆள் அங்கேயே நரைக்கலாம். அதனால் அங்கே பிள்ளையின் குடும்பம் தெரியும், அண்ணன் என்ன குழப்படி செய்தான் என்பதும் தெரியும். காலைப் பிரார்த்தனை, விடுதி, ஆங்கில விவாதம், கரோல் வழிபாடு என்று அதற்கென்று ஒரு வாழ்க்கை முறை. சைவப் பிள்ளைகளும் கரோல் பாடுவார்கள், வீட்டுக்கு வந்து நவராத்திரிக்குச் சகலகலாவல்லி மாலையும் பாடுவார்கள், ஒருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. அரசப் பக்கத்தில் தேசிய பாடசாலை என்றால் வேறொரு உஷ்ணம். அண்ணாவின் மகன் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதை எட்டு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்வான். அங்கே நட்புகூட புள்ளியைச் சுற்றித்தான். ஒரு கூரைத்தகடு கழன்றால் மகளின் பள்ளிக்கூடத்தில் அடுத்த கிழமை ஆள் வந்து பூட்டும், எங்களுக்குக் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஒவ்வொரு கல்வி அலுவலகமாகக் கடிதம் ஏறி இறங்க வேண்டும். (மழைக்காலம் அதுவரை காத்திருக்காது என்பது வேறு கதை.)

ஆனால் இந்த வித்தியாசங்கள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடங்களுக்குள் நடக்கிறவை. உண்மையான பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. அரசே பள்ளிக்கூடங்களை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்திருக்கிறது. 1ஏபியில் உயர்தர விஞ்ஞானம் இருக்கும், 1சியில் கலையும் வர்த்தகமும், வகை 2 என்றால் பதினோராம் தரத்தோடு சரி, வகை 3 சின்னப் பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து வலயங்களில் தீவகத்தையும், மற்ற வலயங்களின் உள்ளூர்களையும் எடுத்துக்கொண்டால் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இவையும் அரச பாடசாலை, நகரத்தில் மாடி மேல் மாடி கட்டி ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை வைத்திருக்கிற தேசிய பாடசாலையும் அரச பாடசாலை. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டு அரசா தனியாரா என்று விவாதித்தால் அந்த விவாதத்துக்கு அர்த்தமே இல்லை.

தீவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். காலையில் நகரத்திலிருந்து குறிகாட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து படகு. கடல் கொஞ்சம் பொங்கினால் படகு இல்லை, படகு இல்லையென்றால் கணிதம் இல்லை. திரும்புகிற படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் கடைசிப் பாடவேளை எப்போதும் அரை மனதோடு. அங்கே தங்க நல்ல விடுதி இருந்தால் இளம் ஆசிரியர்கள் தங்குவார்கள், நானே தங்கியிருப்பேன். கஷ்டப் பிரதேச சேவை முடிகிற நாளுக்கு நாங்கள் எல்லாரும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பிள்ளைகளுக்கும் அது தெரியும், "மிஸ், நீங்கள் எப்ப மாறிப் போவீங்கள்" என்று முதல் நாளே கேட்ட பிள்ளைகள் அவை. அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லை. பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், கடற்றொழிலில் இருக்கிறார்கள், சவூதியில் இருக்கிறார்கள், சிலர் உங்களைப்போல கனடாவிலும் இருக்கிறார்கள், ஆனால் ரொறன்ரோவில் மண்டபம் எடுத்து கலை இரவு வைக்கிற அளவுக்கு இல்லை.

பல்கலைக்கழக அனுமதியை எடுங்கள். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மாவட்டக் கோட்டா பின்தங்கிய பிள்ளைகளுக்காக வந்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கணக்கில் மாவட்டம் ஒன்றுதான். நெடுந்தீவில் படித்த பிள்ளையும் யாழ் நகரத்தில் நான்கு ரியூசனுக்குப் போன பிள்ளையும் ஒரே யாழ்ப்பாண மாவட்டப் பட்டியலில் நின்று இசட் புள்ளியால் அளக்கப்படுகிறார்கள். கொழும்பு எங்களுக்கு அநியாயம் செய்கிறது என்று பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தல் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம், சரி, அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மாவட்டத்துக்குள்ளே நாங்களே நடத்துகிற தரப்படுத்தலைப் பற்றி ஒரு கூட்டத்திலும் யாரும் கதைத்து நான் கேட்கவில்லை.

ரியூசனையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தின் உண்மையான தனியார் கல்வி அதுதான். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு நகரத்துத் தெருக்களில் பாருங்கள், எல்லாப் பள்ளிக்கூடத்துச் சீருடையும் சைக்கிளில் ஒரே திசையில் போகும். ரை கட்டினவன், கட்டாதவன், இரட்டைப் பின்னல், ஒற்றைப் பின்னல் எல்லாம் ஒரு தகரக் கொட்டகைக்குள் நூற்றுக்கணக்கில் நெருக்கி இருந்து ஒலிவாங்கியில் பௌதிகம் கேட்கும். அரசு, தனியார் என்ற பேதமெல்லாம் அங்கே வாசலோடு சரி. ஒருவகையில் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் கலக்கிற ஒரே இடம் அதுதான், நட்பும் காதலும் கொப்பி மாற்றுவதும் அங்கேதான். ஏ.எல். நெருங்குகிற மாதங்களில் பள்ளிக்கூடத்து வகுப்பறை வெறுமையாகிவிடும், அதிபர்மார் வரவு இடாப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், பிறகு பெறுபேறு வந்ததும் அதே பிள்ளையின் படத்தை ரியூட்டரியும் பனர் அடிக்கும், பள்ளிக்கூடமும் பனர் அடிக்கும். இரண்டு பனரையும் ஒரே சந்தியில் பார்த்திருக்கிறேன், படம்கூட ஒரே படம்.

அந்தக் கொட்டகைக்குள் வராதவர்கள் யார்? கடைசி பஸ் ஐந்தரைக்கு என்றால் ஆறு மணி வகுப்புக்கு வர முடியாதவர்கள். கடைசிப் படகு பின்னேரமே போய்விடுகிறவர்கள். மாதக் காசு கட்ட முடியாதவர்கள். பெரிய பள்ளிக்கூடம் அரசா தனியாரா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, இரண்டும் மதிலுக்கு அந்தப் பக்கம்.

சர்வதேசப் பாடசாலைகளைப் பற்றியும் கொஞ்சம். அக்கா வாசிப்பாள் என்பதால் கவனமாக எழுதுகிறேன். 1961ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதை மறித்துவிட்டது, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வந்தவர்கள் கம்பனியாகப் பதிந்து பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். கல்வி அமைச்சுக்கு அவர்கள்மேல் பெரிய பிடி ஒன்றும் இல்லை. போர் முடிந்து, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதி திறந்து, வெளிநாட்டுக் காசு வந்த பிறகு யாழ்ப்பாணத்திலும் பெருகினார்கள். அங்கே தமிழ் கதைப்பதை ஏதோ குறைபோலப் பார்க்கிற பழக்கம் எனக்கு எரிச்சலைத் தருகிறது. அக்காவின் சின்னவன் கொன்றை வேந்தனில் ஒரு வரி சொல்லமாட்டான். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அவன் கேள்வி கேட்பான். பெரியவர்கள் கதைக்கிற இடத்தில் நடுவில் வந்து "ஏன் அப்பிடி" என்பான், விளக்கம் பிடிக்காவிட்டால் திரும்பவும் கேட்பான், பயம் இல்லை. என் வகுப்பில் பிள்ளைகள் விளங்காவிட்டாலும் "விளங்குது மிஸ்" என்று ஒரே குரலில் சொல்லும். தேசிய பாடசாலையில் படிக்கிற அண்ணாவின் மகனும் அப்படித்தான், கெட்டிக்காரன், ஆனால் பிழையாகிவிடுமோ என்று வாய் திறக்கமாட்டான். நாற்பது பேருக்கு மேல் இருக்கிற வகுப்பில் கேள்வி கேட்கிறவன் குழப்படிக்காரன், இருபது பேர் இருக்கிற வகுப்பில் அவன் கெட்டிக்காரன். இதைப் பணக்காரத் திமிர் என்று தள்ளிவிடுவது சுலபம். தீவில் என் ஒன்பதாம் வகுப்பில் பன்னிரண்டு பேர்தான், அங்கேயும் ஒரு தவணை முழுக்க நான் பிழை விட்டுவிட்டு "எங்கே பிழை, கண்டுபிடியுங்கோ" என்று கேட்டுக் கேட்டு, பிறகு அதே பிள்ளைகள் என்னைத் திருத்தத் தொடங்கின. அதற்குக் கம்பனி தேவைப்படவில்லை. சின்ன வகுப்பும் தினமும் வருகிற ஒரு ஆசிரியரும் போதும். சின்ன வகுப்பு சின்னப் பள்ளிக்கூடங்களில் ஏற்கனவே இருக்கிறது, எங்களுக்கு இல்லாதது இரண்டாவது.

இப்போது எல்லாரும் தெரிந்தும் கதைக்காத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஏன் வெறுமையாகின்றன என்று கேட்டால் இடப்பெயர்வு, பிறப்பு வீதம், வெளிநாடு என்று காரணம் சொல்வோம். எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டு வாசலில் பள்ளிக்கூடம் இருக்க, அதைத் தாண்டி வான் வண்டியில் பத்து மைல் போகிற பிள்ளைகள் யார், வாசலில் இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே மிஞ்சி நிற்கிற பிள்ளைகள் யார் என்று ஒரு காலை ஏழு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் வேறொரு காரணமும் தெரியும். "அங்க இப்ப ஆர் படிக்கினம்" என்று ஒரு கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது, கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். 1920களின் இறுதியில் இதே மண்ணில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்பதற்காகப் போராட்டம் நடந்தது, யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ்காரர் அதற்காக நின்றார்கள், எதிர்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சம ஆசனத்தைச் சட்டம் தந்துவிட்டது. இன்றைக்கு வாங்கில் யாரும் ஒதுக்கப்படுவதில்லை, ஏனென்றால் ஒதுக்க வேண்டியவர்கள் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

நீங்கள் இதில் எங்கே வருகிறீர்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

அரச பாடசாலைகளின் முதலாம் தர அனுமதியில் பாதி இடம் அருகில் வசிக்கிறவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. அப்பா படித்ததால் மகனுக்கு இடம் என்பதைச் சுற்றறிக்கையே ஒத்துக்கொள்கிறது. மக்களின் வரியில் நடக்கிற, எல்லாருக்கும் பொதுவான பள்ளிக்கூடத்தில் ஒரு பரம்பரை உரிமை. அதற்கு மேல் ஒவ்வொரு வருசமும் நடக்கிற கடித எழுத்து, தொலைபேசி, "அபிவிருத்திக்கு" என்று கொடுக்கிற காசு, இல்லாத முகவரிக்கு வாங்குகிற மின்சாரப் பட்டியல் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் ஒன்றுதான் ஊர்ப் பிள்ளை உள்ளே வர இருக்கிற மறுவாசல், அதற்கும் இப்போது மூன்றாம் தரத்திலேயே ரியூசன்.

அதிபர் நியமனம் வருகிறபோது யார் வர வேண்டும், எந்தச் சமயத்தவர், பழைய மாணவரா இல்லையா என்று நீங்கள் கதைக்கிற கதை கல்வி அமைச்சுவரை போகிறது. மிசன் பள்ளிக்கூடத்தில் நிர்வாக சபை தீர்மானிக்கிறது, அது அவர்களின் உரிமை, சட்டம் அப்படி. அரச பாடசாலையில் அந்த உரிமையை உங்களுக்கு யார் தந்தார்கள்? யாரும் தரவில்லை, உங்கள் காசுதான் தந்தது. இதனால்தான் யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலையைத் தனியார் பாடசாலையாக மாற்றியது அரசாங்கமோ கம்பனிகளோ இல்லை, நீங்கள்தான் என்று எங்கள் வீட்டு வாக்குவாதத்தில் நான் சொல்வேன். அண்ணா அப்போது எழும்பி வெளியே போய்விடுவார், அவர் ஒரு கிளையின் பொருளாளர்.

நீங்கள் செய்ததை மறந்துவிட்டு எழுதவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பள்ளிக்கூடங்கள் தென்மராட்சியில் மரத்தடியில் நடந்தபோதும், திரும்பி வந்து ஓடில்லாத கட்டடங்களுக்குள் நுழைந்தபோதும் அரசு வருமுன் உங்கள் காசு வந்தது. கடையில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது என்று எனக்குத் தெரியும், என் மாமாவும் அனுப்பினார். அன்றைக்கு அது பள்ளிக்கூடத்தை உயிரோடு வைத்தது. இன்றைக்கு அதே பழக்கத்தில் இரண்டாவது மண்டபம், குளிரூட்டிய அதிபர் அறை, மின்னணு ஸ்கோர் போர்ட், பழைய வளைவை இடித்துப் புது வளைவு. இந்த மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நோட்டீசில் ஒரு நுழைவாயில் வளைவுக்குக் கேட்டிருந்த தொகையைப் பார்த்தேன். அந்தத் தொகைக்குத் தீவில் ஒரு ஆசிரியர் விடுதியைத் திருத்தி, தண்ணீர்த் தாங்கியும் வைத்து, மிச்சமும் இருக்கும்.

இங்கேதான் மாணவர் பண்பாடும் உருவாகிறது. பிள்ளைகள் நாங்கள் சொல்வதைக் கேட்பதைவிட நாங்கள் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். பெரிய பள்ளிக்கூடத்துப் பெடியனுக்குத் தன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடமும் கிடையாது, எதிரணியைத் தவிர. வலய மட்டத் தமிழ்த்தினப் போட்டிக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, பேச்சில் முதலாமிடம் எங்கள் பிள்ளைக்கு வந்தது, அறிவித்தவுடன் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை "அது எங்க இருக்கு" என்று கேட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து அவர்களுடைய மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். என் பிள்ளைகளோ மற்றப் பக்கத்தில், கேட்கு முன்பே வெட்கப்படுகின்றன. ரியூசனில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிப் பள்ளிக்கூடப் பெயரை விழுங்கிவிடுவார்கள். விளையாட்டில் மட்டும்தான் இது கொஞ்சம் உடைகிறது, தெல்லிப்பழையில் மகாஜனாப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் அடித்துக் காட்டிய பிறகு நகரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சரி, என்ன கேட்கிறேன்?

உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்கவில்லை. கொடுக்கிறபோது கட்டடத்துக்கு வெளியேயும் பாருங்கள் என்கிறேன். சனிக்கிழமைகளில் உங்கள் ஆய்வுகூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளில் அமிலத்தையும் காரத்தையும் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் சில மைல் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு ஆய்வுகூட உதவியாளருக்கு அரைநாள் கொடுப்பனவு, ஒரு வானுக்கு எரிபொருள், இதுதான் செலவு. அதிபர் சம்மதித்தாலும் "எங்கட சாமானை மற்றவை உடைச்சுப் போடுவினம்" என்று சங்கத்தில் யாராவது எழும்பிச் சொல்வார்கள், அந்த ஆளை மட்டும் நீங்கள் சமாளித்துத் தந்தால் போதும், மீதியை ஆசிரியர்கள் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மைதானமும் அப்படித்தான். வருசத்துக்கு ஒரு பெரும் போர் இருக்கட்டும், அதை யாரும் தொடப்போவதில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட அணிக்கு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கூப்பிடுங்கள். தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும், தேநீர் நேரத்தில் ஒன்றாக இருந்து வடை சாப்பிட்டால் அந்த "எங்க இருக்கு" என்ற கேள்வி வராது.

இருமொழிக் கற்கையை எடுங்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து அரச பாடசாலைகளிலும் ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். பெரிய பள்ளிக்கூடத்தில் அது நடக்கிறது, எங்களிடம் ஆசிரியர் இல்லாததால் நடப்பதில்லை. அக்கா ஏன் லட்சக்கணக்கில் கட்டுகிறாள் என்று கேட்டால் ஆங்கிலத்துக்காகத்தான் என்பாள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஓய்வு பெற்ற எத்தனை பேர் இருக்கிறீர்கள், வீட்டில் இணையம் இருக்கிறது, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் எங்கள் எட்டாம் வகுப்போடு ஆங்கிலத்தில் கதைக்க முடியாதா? நேர வித்தியாசத்தைக் காரணம் சொல்ல வேண்டாம், கிரிக்கெட் மச்சை மட்டும் விடிய விடிய முழித்திருந்து பார்க்கிறீர்கள்.

அனுமதிக் கடிதங்களை நிறுத்துங்கள் என்று கேட்க ஆசைதான், நடக்காது என்று தெரியும். குறைந்தது ஒன்றைச் செய்யுங்கள், புலமைப்பரிசிலில் வருகிற ஊர்ப் பிள்ளைக்கு ஆறாம் தரத்தில் ஒரு ஆளைப் பொறுப்பாகப் போடுங்கள். அந்தப் பிள்ளை பெரும்பாலும் முதல் தவணையிலேயே பின்வாங்கிவிடுகிறது. படிப்பில் இல்லை. சப்பாத்தில், கொப்பி உறையில், வானுக்குக் காசில்லாததில், பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதுக்கும் ரொபி வாங்க முடியாததில். என் மாணவி ஒருத்தி இரண்டாம் தவணையோடு திரும்பி எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். புள்ளி நன்றாகத்தான் இருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு அங்கே இடைவேளையில் இருக்க ஒரு இடம் இல்லை என்றாள்.

இன்னும் ஒன்று, கணக்கு. உங்கள் சங்கம் வருசத்தில் எவ்வளவு சேர்க்கிறது, எதற்குப் போனது என்பதை உறுப்பினருக்கு மட்டும் காட்டாமல் பள்ளிக்கூட அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். அரச பாடசாலை என்றால் அது எங்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டிய கணக்கு. தனியார் பாடசாலை என்றாலும் ஆசிரியரின் சம்பளம் அரசுக் காசுதானே.

தீவில் அந்த விடுதியைப் பற்றி மேலே சொன்னேன். கட்டடம் இருக்கிறது, கூரையும் கழிப்பறையும்தான் பிரச்சினை. வலயத்தில் அனுமதி எடுக்கும் கடிதத்தை நானே எழுதித் தருவேன், அந்த வேலை எனக்கு நன்றாகப் பழக்கம். மதிப்பீடு போட ஊரிலேயே மேசன் ஒருவர் இருக்கிறார். எந்தச் சங்கம் முதலில் வந்தாலும் சரி, இரண்டு எதிரிச் சங்கங்கள் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது, கூரைக்கு ஒருவர், கழிப்பறைக்கு ஒருவர். பெயர்ப் பலகை வேண்டுமென்றால் வைக்கலாம், ஆனால் சின்னதாக, கதவுக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
தீவகத்தில் படிப்பித்து, இப்போது வலிகாமத்தில் படிப்பிக்கிற ஒரு கணித ஆசிரியை